பதினொன்னாம் நம்பர் தறியும் உளுந்த வடையும்

மதுரையில இருந்து கார் கிளம்பி ராஜபாளையம் வந்து சேருததுக்குள்ள விஜயபாண்டி ஒரு முடிவு எடுத்துட்டாரு. இனிமே இந்த ஜென்மத்துல, பக்கத்துல ஒருத்தர் நின்னு ஒன்னு ரெண்டு மூனு எண்ண, அதுக்கு அவரு காலைத் தூக்கப் போறதில்ல.

காரணம் இல்லாம இல்ல. நாலு மாசத்துக்கு முன்ன செண்பகத்தோப்பு ரோட்டுல அவரு எக்ஸ்எல் வண்டியில வரும்போது குறுக்க ஒரு காட்டுப்பன்னி வந்துச்சு. மோதுன மோதுல பன்னி உருண்டு, எந்திரிச்சு, உடம்பை ஒரு உதறு உதறிட்டு, திரும்பிக்கூடப் பாக்காம நடந்து போயிருச்சு. விஜயபாண்டி நடக்கல. வலது தொடையெலும்பு ரெண்டு எடத்துல, மூட்டு ஒரு எடத்துல. ஆபரேசன், பிளேட்டு, ஸ்க்ரூ. பொறவு ஆறு வாரம் மதுரையில ஒரு பிசியோதெரபி சென்டர்ல தங்கி வைத்தியம்.

அங்க ரெனிட்டான்னு ஒரு பொண்ணு. நாப்பத்தஞ்சு கிலோ இருந்தா அதிகம். சிரிச்ச மொகத்தோட மூட்டைப் பிடிச்சு மடக்குவா. "இன்னும் ரெண்டே ரெண்டு அங்கிள்"ம்பா. அந்த ரெண்டு முடிஞ்சா புதுசா ஒரு ரெண்டு பொறக்கும். பட்டாளத்துல இருந்து வந்த ஆளுகளே அவ கையில அம்மான்னு கத்தி இவரு கேட்டிருக்காரு. இவரும் கத்துனாரு. அதை வீட்டுல சொல்லல.

கிளம்புற அன்னைக்கு ரெனிட்டா பேசுனதெல்லாம் இவரு சம்சாரம் ஆனந்தவல்லிகிட்டதான். வீட்டுக்கு வந்ததும் ஆனந்தவல்லி அதை ஒன்னு விடாம ஒப்பிச்சா. தினம் நடக்கணும். கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி ரெண்டு கிலோமீட்டர் கொண்டு போகணும். இப்ப மூட்டு நாற்காலி ஒசரத்துக்குத்தான் மடங்குது. நாப்பது நாளைக்குள்ள குத்த வச்சு உக்காரணும். இல்லன்னா அப்படியே இறுகிப் போயிரும். நாப்பதாம் நாள் ரெனிட்டா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாசச் செக்கப்புக்கு வருவா, அங்க வச்சுப் பாப்பா.

குத்த வைக்கிறதுன்னா மத்த ஆளுகளுக்கு வேணும்னா சின்ன விசயம். விஜயபாண்டிக்கு அதுதான் சோறு. அவரு ரத்தினத்தோட பேண்டேஜ் துணி நெய்யுற ஷெட்டுல தறி ரிப்பேர் பாக்குற பிட்டர். பிட்டருன்னா பாதி நாள் தறிக்கு அடியில குத்த வச்சுக் கெடக்கணும். முதலாளி ரத்தினம் நல்ல மனுசன், அதனால ஆனந்தவல்லிகிட்ட நேராச் சொல்லிட்டாரு. நாப்பது நாள் பாப்பேன், தறிக்கு அடியில உக்கார முடிஞ்சா அவிய வேலை அவியளுக்கு, முடியலன்னா வேற பிட்டர் வருவாரு, அவியளுக்கு கேட்டுல வாட்ச்மேன் வேலை தாரேன்னு.

வாட்ச்மேன்ங்கிற சொல்லைக் கேட்டதும் விஜயபாண்டிக்கு மூட்டை விட நெஞ்சு வலிச்சுச்சு. ஆனா மூட்டை மடக்கணும்னு நெனைச்சாலே அதுக்கு மேல வலிச்சுச்சு.

"தானாச் சரியாயிரும் வல்லி"ன்னாரு.

"பதினொன்னாம் நம்பர் தறியைப் பத்தியும் இதத்தான் மூனு வருசமா சொல்லுதீய."

பதினொன்னாம் நம்பர் தறி அதே ஷெட்டுல ஆனந்தவல்லி ஓட்டுற நாலு தறியில ஒன்னு. மத்த தறியெல்லாம் டக் டக்குனு ஓடுனா அது மட்டும் டக் டடக்குனு நொண்டும். ஊர்ல எல்லாத் தறியையும் சரி பண்ணுன விஜயபாண்டிக்கு அது மட்டும் வசத்துக்கு வரல. உங்க காலுக்குச் சுத்துன பேண்டேஜ் அந்தத் தறியில ஓடுனதா இருக்கும், அதான் காலும் சொன்னபடி கேக்கலன்னு அவ சொல்லுவா.

நாலு நாள் சண்டை. அவ எந்திரிங்கம்பா. இவரு ஐயோம்பாரு. அவ கையைப் பிடிச்சாப் போதும், தெருவே திரும்பிப் பாக்கிற மாதிரி ஒரு சத்தம். பக்கத்து வீட்டு முனீஸ்வரி, ஆனந்தவல்லிக்கு அடுத்த தறிக்காரி, ரெண்டு தடவை ஓடி வந்து பாத்துட்டுப் போனா.

அஞ்சாம் நாள் காலையில ஆனந்தவல்லி மாறிட்டா. ரெனிட்டாகிட்ட போன்ல பேசிட்டேன், நடக்கவே வேண்டாமாம், கட்டில விட்டு எறங்கக் கூடாதாம்னா. படுத்தே கெடக்கிற உடம்புக்கு எண்ணெய் ஆகாது, டீ ஆகாது, ராகிக் கஞ்சிதானாம்.

விஜயபாண்டிக்கு கட்டில் அரியாசனமாத் தெரிஞ்சுச்சு. ஜெயிச்சாச்சு. கஞ்சிதான, குடிச்சாப் போச்சு.

மூனு நாள் குடிச்சாரு. நாலாம் நாள் கஞ்சியைப் பாத்தாரு, கஞ்சி அவரைப் பாத்துச்சு. இதுல இன்னொரு கொடுமை. விடியக்காலம் கிரைண்டர் ஓடுற சத்தம் கேக்கும். இட்லியோ தோசையோன்னு நாக்கு எந்திரிச்சு உக்காரும். தட்டுல கஞ்சிதான் வரும். மாவு எங்கன்னு கேட்டா முனீஸ்வரி வீட்டுக் கிரைண்டர் ரிப்பேர், அவளுக்கு ஆட்டிக் குடுக்கேம்பா.

அந்த நேரத்துலதான் ஜன்னல் வழியா உளுந்த வடை வாசம் வந்துச்சு. தெரு மொனையில வேலுசாமி டீ வண்டி போட்டிருந்தான். முன்னெல்லாம் அவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் நிப்பான். இங்க எப்ப வந்தான்னு விஜயபாண்டி யோசிக்கல. வாசம் வரும்போது யோசனை வராது.

பெஞ்சாதிக்குத் தெரியாமப் போகணும். அதுக்கு ஒரு திட்டம் போட்டாரு. பிட்டர் போட்ட திட்டம், லேசுப்பட்டதில்ல. ரத்தினம் ஷெட்டு அடுத்த தெரு. கட்டில்ல படுத்துக்கிட்டே எந்தத் தறி ஓடுது, எது நிக்குதுன்னு அவரு காது சொல்லிரும். ஷெட்டுல தறிக்கு மீட்டர் உண்டு. எம்புட்டு மீட்டர் ஓடுச்சோ அம்புட்டுதான் கூலி. அதனால ஒருத்தர் தறியை இன்னொருத்தர் தொடவே மாட்டாங்க, அங்க அது சட்டம் மாதிரி. டக் டடக்குனு பதினொன்னாம் நம்பர் நொண்டுற வரைக்கும் ஆனந்தவல்லி அதுக்கு முன்னால நிக்கான்னு அர்த்தம்.

காலை பத்தரை. டக் டடக். விஜயபாண்டி கம்பை எடுத்தாரு.

தெரு மொனைக்கு நூறு மீட்டர். இருவது நிமிசம் ஆச்சு. வேலுசாமி பதறிப்போய் பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டான். ரெண்டு வடை, ஒரு டீ. கண்ணை மூடித் தின்னாரு. எங்க வீட்லயும் ஒருத்தி இருக்காளே, இருவத்தாறு வருசத்துல ஒரு நாளாவது இப்படி ஒரு வடை சுட்டிருக்காளான்னு வேலுசாமிகிட்ட கேட்டாரு. வேலுசாமி எண்ணெயவே பாத்துக்கிட்டு நின்னான்.

சாயங்காலம் ஆனந்தவல்லி வந்து செத்த நேரம் அவரு மீசையவே பாத்தா.

"கட்டில விட்டு எறங்கலல்ல?"

"எறங்கினா நீ கேளு."

"கஞ்சி குடிச்ச வாய் இப்படி மினுமினுக்கே, அதான் கேட்டேன்."

அடுத்த நாளும் போனாரு. அதுக்கடுத்த நாளும். ஒரு வாரத்துல அது வேலைக்குப் போற மாதிரி ஆயிருச்சு. ஆனா ரெண்டாம் வாரம் வண்டி தெரு மொனையில இல்ல. பைப்புக்குத் தோண்டப் போறாகளாம், தண்ணித் தொட்டிகிட்ட நிக்கேன்னான் வேலுசாமி. தோண்டுற ஆளு ஒருத்தனையும் விஜயபாண்டி பாக்கல. இருந்தாலும் வடை அங்கதான இருக்கு. முன்னூறு மீட்டர் நடந்தாரு. சேரைக் கேட்டா கால் ஒடைஞ்சு போச்சுன்னு ஒரு முக்காலியப் போட்டான். அது ஒரு சாண் தணிவு. மூட்டு கத்துச்சு. வடை சூடா இருந்ததால இவரு கத்தல.

அன்னைக்குத் திரும்பி வரும்போது பின்னால ஒரு பச்சைச் சேலை சந்துக்குள்ள ஒதுங்குன மாதிரி இருந்துச்சு. ஆனந்தவல்லிகிட்டயும் அப்படி ஒரு பச்சைச் சேலை உண்டு. நின்னு காதைக் குடுத்தாரு. அடுத்த தெருவுல டக் டடக். அவரு கண்ணை நம்பல. காதை நம்புனாரு. பிட்டருல்ல.

மூனாம் வாரம் வண்டி ரேசன் கடைக்குப் போயிருச்சு. தண்ணித் தொட்டிகிட்ட நெழல் பத்தலையாம். முக்காலிய மச்சினன் தூக்கிட்டுப் போயிட்டானாம், கவுத்துப் போட்ட கலர் சோடாப் பெட்டிதான் இருந்துச்சு. அந்த வாரம் ஒரு நாள் வடையில உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குன்னாரு விஜயபாண்டி. மறுநாள் உப்பு கணக்கா இருந்துச்சு. அவருக்குப் பெருமை தாங்கல.

"பாத்தியா வேலுசாமி. ஒரு வார்த்தை சொன்னேன், ஒடனே கேட்ட. என் வீட்ல இருவத்தாறு வருசமாச் சொல்லுதேன், கேக்க நாதியில்ல."

வேலுசாமிக்கு அப்ப பாத்துப் பொறையேறிருச்சு. தொண்டையில டீ எதுவும் போகாமயே.

நாலாம் வாரம் கலர் பெட்டிய கம்பெனிக்காரன் வாங்கிட்டுப் போயிட்டான். ரெண்டு செங்கல். அஞ்சாம் வாரம் வண்டி ரயில்வே கேட்டுக்கே போயிருச்சு, வீட்ல இருந்து ஒரு கிலோமீட்டர். அங்க செங்கலும் இல்ல. விஜயபாண்டி கம்பை வண்டியில சாச்சு வச்சுட்டு அப்படியே குத்த வச்சு உக்காந்தாரு. ரெண்டு வடை முடியுத வரைக்கும் உக்காந்திருந்தாரு. எந்திரிக்கும்போதுதான் என்ன செஞ்சோம்னு அவருக்கே புரிஞ்சுச்சு.

வலி இல்ல. சும்மா ஒரு இழுப்பு, அம்புட்டுதான்.

வேற ஆளா இருந்தா நேரா வீட்டுக்குப் போய் சம்சாரத்துகிட்ட சொல்லியிருப்பான். விஜயபாண்டி திட்டம் போடுற ஆளு. கால் சரியாப் போச்சு, சந்தோசம். அது வீட்டுக்கு எதுக்குத் தெரியணும்? நாப்பதாம் நாள் ரெனிட்டா முன்னால நல்லா முனகி, மூனு மாசம் ரெஸ்டுன்னு ஒரு சீட்டு வாங்கிட்டா ரத்தினத்தால ஒன்னும் சொல்ல முடியாது. வேலையும் இருக்கும், கட்டிலும் இருக்கும், வடையும் இருக்கும்.

நாப்பதாம் நாள் ரெண்டு பேரும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனாக. அன்னைக்குன்னு பாத்து ஆனந்தவல்லி காலையில கஞ்சி கூடக் குடுக்கல, நேரமாச்சுன்னு கிளப்பிக் கூட்டிட்டு வந்துட்டா. செக்கப்பு ரூமுக்குள்ள விஜயபாண்டி கம்பை ஊனி நொண்டிக்கிட்டே போனதைப் பாத்தா அந்தப் பன்னிக்கே பாவமா இருந்திருக்கும்.

ரெனிட்டா மூட்டைப் பிடிச்சு மடக்குனா. நாற்காலி ஒசரம் வந்ததும் ஐயோன்னாரு.

"அவ்வளவுதானா அங்கிள்?"

"அம்புட்டுதாம்மா. ஒரு மூனு மாசம் அசையாமக் கெடந்தா ஒருவேள..."

ரெனிட்டா ஆனந்தவல்லியப் பாத்தா. ஆனந்தவல்லி கூடையில இருந்து ஒரு தூக்குச்சட்டிய எடுத்து, மூடியத் தொறந்து, ரூம் நடுவுல தரையில வச்சா. "காலையில இருந்து வெறும் வயிறு. சாப்பிட்டுக்கிடுங்க."

உளுந்த வடை. மணி சரியா பத்தரை.

இதுக்கு மேல விஜயபாண்டி யோசிச்சு ஒன்னும் செய்யல. ஒரு மாசத்துக்கு மேலப் பழகுன உடம்பு அதுவாச் செஞ்சுச்சு. கம்பைச் சொவத்துல சாச்சாரு. தரையில குத்த வச்சாரு. ஒரு வடைய எடுத்துப் பாதி கடிச்சுட்டாரு.

அப்பதான் எங்க உக்காந்திருக்கோம்னு ஞாபகம் வந்துச்சு. நிமிந்து பாத்தாரு. ரெனிட்டா பேனாவைத் தொறந்து எழுதிக்கிட்டிருந்தா. மூட்டு முழுசா மடங்குது, திங்கக்கிழமையில இருந்து வேலைக்குப் போலாம்.

ஆனந்தவல்லி கூடையில இருந்து இன்னொன்னையும் எடுத்து ரெனிட்டாகிட்ட குடுத்தா. ஷெட்டுல தறி மீட்டர் எழுதுற நோட்டு. உள்ள தேதி வாரியா, தறி நம்பர் போடுற எடத்துல 'இவுக'ன்னு போட்டு, எதுத்தாப்புல மீட்டர். போக நூறு, வர நூறு. போக முன்னூறு, வர முன்னூறு. நேத்து தேதிக்கு ரெண்டாயிரம். ஓரத்துல சேர், முக்காலி, பெட்டி, செங்கல், தரை.

விஜயபாண்டி பாதி வடையோட எட்டி நோட்டைப் பாத்தாரு. "பதினொன்னாம் நம்பர் ஓடுச்சே. நான் காதால கேட்டேனே."

"முனீஸ்வரி ஓட்டுனா."

"ஒருத்தர் தறியை இன்னொருத்தர் தொட மாட்டாங்களே?"

"அந்த நேரத்து மீட்டரை அவளையே எழுதிக்கிடச் சொல்லிட்டேன். நான் உங்க மீட்டரை எழுதுனேன். பின்னாலயே வந்தேன். நீங்க விழுந்தாப் பிடிக்க ஒரு ஆள் வேணும்ல."

விஜயபாண்டி தூக்குச்சட்டிய அவ பக்கம் நகத்தி வச்சாரு.

வெளிய வந்து பஸ்ஸுக்கு நிக்கும்போது அவருக்குக் கொஞ்சம் ரோசம் திரும்பிச்சு. கம்பு தோள்ல கெடந்துச்சு. எதையாவது ஒன்னை ஜெயிச்சுட்டுத்தான் ஊர் போகணும்னு தோணுச்சு.

"என்ன இருந்தாலும் சொல்லுதேன் வல்லி. என்னைய நடக்க வச்சது உன் நோட்டும் இல்ல, உன் கஞ்சியும் இல்ல. வேலுசாமி வடை. அந்தக் கைப்பக்குவம் ஒனக்கு வராது."

ஆனந்தவல்லி பஸ் வருதான்னு ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தா.

"வராதுதான். அன்னைக்குத் தூக்கலுன்னு வேலுசாமிகிட்ட சொன்னீயளே, இன்னைக்கு ஆட்டுன மாவுல உப்பு சரியா இருந்துச்சான்னு மட்டும் சொல்லுங்க, அதையும் நோட்டுல எழுதிருதேன்."