ஹையர் மேடத்தின் கொரிய மனு

"பாஸ்வேர்டு தவறு" என்று திரை மூன்றாவது முறையாகச் சொன்னது. ஹையர் மேடம் விடுவதாக இல்லை. இன்னொரு முறை அடித்தாள். கணினி முழுசாகக் கதவைச் சாத்திக்கொண்டது.

"என்னாச்சு மேடம்?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

"கீபோர்டை கொரியனுக்கு மாத்தினேன். திரும்பி வரமாட்டேங்குது. பாஸ்வேர்டையும் கொரியன்லயே அடிச்சிருக்கேன் போல."

"உங்களுக்கு எதுக்குக் கொரியன்?"

"டைரக்டர் படிக்கணும்ல!"

அந்தக் கொரியக் கம்பெனியின் சரக்கு அனுப்பும் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக அவள் கிளார்க். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்ததை நாளைக்கு இரண்டு தரம் ஞாபகப்படுத்துவாள் என்பதால் அந்தப் பெயர். போன திங்கட்கிழமை மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் கிளை அலுவலகம். ஒன்றாம் தேதியிலிருந்து அங்கே.

வீடோ தொழிற்சாலைக்கு எதிர்ச்சாரியில். வீட்டில் முழங்கால் ஆபரேஷன் ஆன கணவர். மத்தியானம் ஓடிப்போய் அவரை வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்து நடை நடக்கவைத்துவிட்டுத்தான் அவள் சாப்பிடுவாள். மிரட்டினால் ஒழிய மனுஷன் நாற்காலியை விட்டு எழமாட்டார். இப்போது நடக்காவிட்டால் கால் மடங்கவே மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு அந்தப் பயம்தான். மற்ற எதையும் தாங்கிக்கொள்வாள்.

மாற்றலை ரத்து செய்யச் சொல்லி இங்கிலீஷில் மனுக் கொடுத்தால் அது மேனேஜரின் மேஜை டிராயருக்குள் போய் அங்கேயே குடித்தனம் நடத்தும். கொரியனில் அடித்து அனுப்பினால் நேரே கொரியக்காரரான டைரக்டரின் திரைக்கே போய்விடும். ஆனால் அலுவலகக் கணினியிலேயே அடிக்க வேண்டும். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். தெருமுனை மொழி வகுப்பு டீச்சர் பத்து வரி கையால் எழுதிக் கொடுத்திருந்தாள். பார்த்து அடிக்க வேண்டியதுதான் பாக்கி.

"ஹையர் பாஸ் பண்ணவளுக்குப் பத்து வரி ஒரு பெரிய விஷயமா?" என்றாள்.

கம்ப்யூட்டர் பிரிவு ஆள் வந்து கணினியைத் திறந்துவிட்ட பிறகும் பெரிய விஷயமாகத்தான் இருந்தது. கொரிய எழுத்து ஓர் இடத்தில் உட்காரவில்லை. ஓர் எழுத்தின் காலடியில் அடக்கமாக இருந்த இன்னொன்று, அடுத்த விசையைத் தட்டியதும் எழுந்து போய்ப் பக்கத்துக் கட்டத்துக்குள் புகுந்துகொண்டது. தான்தான் கெடுத்துவிட்டோம் என்று அவள் அழித்தாள். மறுபடி அடித்தாள். மறுபடி புகுந்தது. ஒரு மணி நேரத்தில் அரை வரி.

"அது தானா சேர்ந்துக்கும், நீங்க அழிக்காம அடிச்சுக்கிட்டே போங்க" என்று டீச்சர் சாயங்காலம் அதட்டிய பிறகுதான் புரிந்தது.

அடுத்த நாள் முகவரி லேபிள்களைத் துண்டு துண்டாக வெட்டி, கொரிய எழுத்துகளை எழுதி, விசைகள் மேல் ஒட்டினாள். அவள் சாப்பாட்டுக்குப் போன நேரம் பக்கத்து சீட்டுக்காரி அதே கீபோர்டில் அவசரமாக ஒரு டெலிவரி சீட்டு அடித்தாள். வடக்கே போகவேண்டிய லாரி தெற்கே போய்ச் சேர்ந்தது.

லேபிள்களை உரித்தாள். பசை ஒட்டிக்கொண்டது. ஒரு விசை அமுங்கியபடியே கிடந்து, ஒரே எழுத்தை நாலு பக்கத்துக்கு அடித்துத் தள்ளியது. சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்தாள். கீபோர்டு அத்தோடு கண்ணை மூடிவிட்டது.

மேனேஜர் மீட்டிங் போயிருந்த நேரம் பார்த்து, அவர் கணினியில் போய் உட்கார்ந்தாள். இரண்டு வரி அடிப்பதற்குள் காலடிச் சத்தம் கேட்டது. அழித்துவிட்டு எழுந்து வந்தாள். மொழியை மாற்ற மறந்துவிட்டாள்.

மேனேஜர் திரையைப் பார்க்காமல் விரலைப் பார்த்தே அடிக்கிற ரகம். மாத அறிக்கையை அடித்து அப்படியே டைரக்டருக்கு அனுப்பிவிட்டார். ஒரு பக்கம் முழுக்கக் கொரிய எழுத்தில் உளறல்.

"யாரு என் மெஷின்ல கை வெச்சது?"

"நான்தான் சார்."

"ஒண்ணாம் தேதி வரைக்கும் எதுக்கு? வெள்ளிக்கிழமையே கிளம்புங்க!"

மூன்று நாள்தான் இருந்தது. அழுகை வந்தது. அழுதால் கண் மங்கும், அடிக்க முடியாது என்று அடக்கிக்கொண்டாள்.

அட்டையில் கொரியக் கீபோர்டை வரைந்து சமையல் மேடையில் வைத்துக்கொண்டாள். "இடது கைப் பக்கம் மெய், வலது கைப் பக்கம் உயிர். அவ்வளவுதாங்க விஷயம்" என்றாள் கணவரிடம்.

"நான் காலை எடுத்து வைக்கிற தாளத்துக்கு நீ தட்டேன். இடது, வலது, இடது" என்றார் அவர். அன்று வாக்கரோடு பதினாறு நடை நடந்தார். அவளுக்கு மிரட்டவே ஞாபகம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. ஸ்டோரிலிருந்து புதுக் கீபோர்டு வாங்கி, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பழக்கியதைப் போல மேலே கைக்குட்டையை விரித்து மூடினாள். டீச்சரின் தாளை மட்டும் பார்த்தாள். பத்து வரி. ஒரு பிழை இல்லை. அனுப்பினாள்.

மத்தியானம் டைரக்டரே இறங்கி வந்துவிட்டார். கையில் அவள் மனு அச்சாகி இருந்தது. பின்னாலேயே மேனேஜர், வெளிறிய முகத்தோடு. கூடவே டைரக்டரின் டிரைவர். பதினைந்து வருஷம் வண்டி ஓட்டியே கொரியன் பேசக் கற்றவர்.

டைரக்டர் தாளைத் தட்டித் தட்டி ஏதோ சொன்னார்.

"நீங்களே அடிச்சதான்னு கேக்கறார் மேடம்."

"நானேதாண்ணே. கீபோர்டைப் பார்க்காமலே அடிச்சேன்னு சொல்லுங்க."

சொன்னார். டைரக்டர் இரண்டு கையாலும் தட்டினார். வேறு வழியில்லாமல் மேனேஜரும் தட்டினார்.

"கிளைக்குப் போட்ட மாத்தல் ரத்தாம்."

அவள் கைகூப்பினாள். ஓடிப்போய்க் கணவரிடம் சொல்லவேண்டும் போலிருந்தது. டைரக்டர் சிரித்துக்கொண்டே இன்னும் நீளமாக ஏதோ சொல்லிவிட்டு, குனிந்து வணங்கிப் போய்விட்டார்.

"கடைசியா என்னண்ணே சொன்னார்?"

டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"இப்படி அடிக்கிற கைய நாப்பது கிலோமீட்டர் தள்ளிப் போட்டா வீணாப் போயிடுமாம் மேடம். நேரா கொரியாவுக்கே போட்டுட்டாராம்."