நாலு நாட்டுக்கு ஒரே வினைச்சொல்

காரைக்காலிலேயே நாலு ஐரோப்பிய மொழி தெரிந்த ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் ‘ப்ரொஃபனே’ சார்தான். நாலிலும் சேர்த்து அவருக்குத் தெரிந்தது ஒரு வினைச்சொல்.

எழுபதுகளில் பிரெஞ்சுக் காலப் பத்திரங்களைப் பார்த்து நகலெடுப்பது அவர் வேலை. எனக்கு எதிர் மேசை. கல்லறை நிலம் பற்றிய ஒரு பத்திரத்தில் ‘ப்ரொஃபனே’ என்று வந்தது. புனிதமான இடத்தைத் தீட்டுப்படுத்துவது என்று பொருள். அகராதியைப் புரட்டியவர், லத்தீன் வழி வந்த அந்தச் சொல் இத்தாலியில் ப்ரொஃபனாரே, ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ப்ரொஃபனார் என்று கண்டுகொண்டார். அத்தோடு மற்ற சொற்களில் அவருக்கு ஆர்வம் போய்விட்டது.

பத்திரத்தின் மேல் டீ கிளாஸ் வைத்தால், “ப்ரொஃபனே பண்ணாதீங்க” என்பார். பஜ்ஜிக் கையோடு ஃபைலைத் தொட்ட சூப்பிரண்டு மேலேயே புகார் எழுதினார். புகாரில் அந்தச் சொல் நாலு மொழியிலும் இருந்தது.

ஒருநாள் மத்தியானம் மீனவ ஊரான கருக்களாச்சேரியிலிருந்து இரண்டு பேர் சாரைத் தேடி ஆளுக்கொரு சைக்கிளில் வந்தார்கள். வெள்ளைக்காரன் ஒருவன் பூட்ஸ் காலோடு அம்மன் கோயிலுக்குள் போய்விட்டானாம். இங்கிலீஷும் தெரியவில்லையாம்.

“அடிச்சிருவாங்க போலிருக்கு. சீக்கிரம் வாங்க சார்.”

கேரியரில் ஏறிப் போனோம். கோயில் வாசலில் நாற்பது பேர். ஒருவர் கையில் துடுப்பு. நடுவில் அந்த இளைஞன் முதுகுப்பையைக் கட்டிக்கொண்டு வெளிறிப்போய் நின்றான். சார் உள்ளே புகுந்து அவன் பூட்ஸைக் காட்டினார்.

“ப்ரொஃபனே?”

விழித்தான்.

“ப்ரொஃபனாரே?”

நெற்றி சுருங்கியது.

“ப்ரொஃபனார்?”

“நோ, நோ ப்ரொஃபனார்” என்று பதறியவன், பூட்ஸைப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டுக் கோயிலைப் பார்த்து மண்டியிட்டான். அப்புறம் மளமளவென்று என்னவோ சொன்னான்.

“என்னங்க சொல்றான்?” என்றார் துடுப்புக்காரர்.

சார் யோசிக்கவேயில்லை. “தெரியாம செஞ்சுட்டேன், ஆத்தா மன்னிக்கணுங்கறான். சாப்பிட்டு ரெண்டு நாளாச்சாம்.”

துடுப்புக்காரர் வீட்டிலேயே அவனுக்கு மீன்குழம்புச் சோறு கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில் சார் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“என்ன சார்?”

“அந்த மூணாவதும் அவனுக்குப் புரியலைன்னா, எங்கிட்ட வேற வார்த்தை இல்லையே தம்பி.”

ஊர் வந்து இறங்கும்வரை அந்தக் கையை என் கைக்குள் வைத்திருந்தேன்.