கண்ணை மூடிக்கொண்டு பாடிய கல்யாணம்

கூச்சமுள்ளவன் பாடகனாகக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு.

தக்கலையில் நாங்கள் மூன்று பேர் ஒரு ராக் இசைக்குழு வைத்திருந்தோம். டிரம்ஸுக்குச் செல்வின், பேஸ் கிட்டாருக்கு ராஜன், பாட்டுக்கு நான் (பத்தாம் வகுப்பு பாஸ், கணக்கில் முப்பத்தைந்து). ராக் என்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். எனக்குக் கத்த வராது. நான் முனக முனக, செல்வின் எனக்காக வேகத்தைக் குறைத்தான். இரண்டே வருடத்தில் எங்கள் பாட்டெல்லாம் அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு மாதிரி ஆகிவிட்டது. அங்கே குதிரை, புழுதி, விட்டுப்போன மனைவி. எங்களிடம் குதிரை இல்லை. ரப்பர் தோட்டமும் மழையும் இருந்தன.

ஊரில் ஒரு கல்யாண வரவேற்பில் பாட எங்களைக் கூப்பிட்டார்கள். அதே நேரம் செல்வினுக்கு மஸ்கட் விசா வந்தது. "இந்தக் கல்யாண வரவேற்பு நல்லா அமைஞ்சு நாலு பேரு கூப்பிட்டா, நான் போகல்ல மக்கா" என்றான்.

கூட்டத்தைப் பார்த்தால் குரல் வராது என்பதால் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா போனபின் பால் வெட்ட ஆளில்லாத ரப்பர் தோட்டத்தைப் பற்றிய பாட்டு (கல்யாணத்துக்கு இதைத் தேர்ந்தெடுத்த அறிவாளி நானே). முடித்துக் கண்ணைத் திறந்தால், மண்டபமே எழுந்து நின்றது. பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்தார். அடடா, ஜெயித்துவிட்டோம் என்று மறுபடியும் கண்ணை மூடி, முதலிலிருந்து பாடினேன்.

செல்வின் குச்சியால் முதுகில் குத்தினான். "ஏலே, நிறுத்துலே. அடக்க ஆராதனைப் பாட்டுன்னு நெனச்சு எந்திச்சு நிக்காவ. பொண்ணுக்க அப்பா செத்து வருசம் திரும்பல்ல."

கீழே இறங்கியதும் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்தார்.

"நல்லாப் பாடுதீரு. எங்க அண்ணன் படுத்த படுக்கையா கெடக்காரு. அடுத்த வாரம் உமக்கு வேற சோலி உண்டா?"

வேறு சோலி இல்லை என்றேன். மறுக்கவும் கூச்சம்தான்.

அன்று வந்த ஒரே அழைப்பு அது. செல்வின் விமானம் ஏறினான்.

இன்றும் வீட்டில் நான் எதையாவது முனகினால், மனைவி அடுக்களையிலிருந்து, "எந்த வீட்டுல அடக்கம்?" என்று கேட்பாள். பிள்ளைகள் உடனே எழுந்து நிற்பார்கள்.

போன வருடம் செல்வினின் அம்மா இறந்தார். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் அழைத்தான். "அந்த ரப்பர் பாட்டைப் பாடுவியா மக்கா? ரெண்டு தடவ பாடு."

போனைச் சவப்பெட்டியருகே வைத்து, கண்ணை மூடிப் பாடினேன். மஸ்கட்டிலிருந்து அவன் விரலால் மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. நான் பின்தங்கினேன். வழக்கம்போல எனக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டான்.