கால் மேல் கால் போட்ட கேரட்

எங்கள் தெருவில் அந்த வருஷம் கேரட்டைச் சமைத்துத் தின்றவர் யாருமில்லை. எல்லோரும் கேரட்டிடம் எதிர்காலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

காரணம், வேர் ஜோசியர். அவர் வாசலில் கூடும் கூட்டத்தைப் பார்த்தால் ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார் என்று தோன்றும். முதலில் மந்திரித்த கேரட் நாற்று விற்பார். அதை வீட்டுத் தோட்டத்தில் நட ஒரு முறை உண்டு. வேரை விரலில் சுருட்டி, குழியில் வைத்து, கட்டைவிரலால் நன்றாக அமுக்க வேண்டும். விளைந்ததைத் தோண்டிக் கொண்டுபோனால் குடும்பத்தின் தலையெழுத்தைப் படிப்பார். வேர் இரண்டாகப் பிரிந்தால் குடும்பம் இரண்டாகும். மூன்றாகப் பிரிந்தால் கேட்கவே வேண்டாம். பரிகாரப் பொடியும் அவரிடமே கிடைக்கும், எத்தனை வசதி பாருங்கள்.

அடுத்த வீட்டுத் தையற்காரம்மாவின் கேரட், கால் மேல் கால் போட்டு உட்கார்ந்த மாதிரி வந்தது.

"புதுசா வந்த பொண்ணு வீட்டை ரெண்டாக்கப் போகுது," என்றார் ஜோசியர்.

தையற்காரம்மா வீட்டுக்கு வந்ததும் மருமகளின் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தார். "கொஞ்ச நாள் உங்கம்மா வீட்டுல இரும்மா. எனக்குக் கோவமெல்லாம் இல்ல. கேரட் சொல்லுது."

மகன்காரன் வாயைத் திறக்கவில்லை. அவன்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

"போறேன் அத்தை. அதுக்கு முன்னாடி ஜோசியரை ஒரு தடவை பார்க்கணும். நீங்களும் வாங்க," என்றாள் மருமகள்.

கொல்லையில் ஒரு ஓட்டை வாளியில் அவள் முன்பே கேரட் விதை தூவியிருந்தாள். முளைத்தது முளைத்த இடத்திலேயே வளர்ந்தது. அதிலிருந்து ஒன்று, மாமியாரின் பாத்தியிலிருந்து ஒன்று என இரண்டைப் பிடுங்கி ஜோசியர் முன் வைத்தாள். அவர் ஆள் முகத்தைப் பார்ப்பதில்லை. கேரட்டைப் பார்ப்பார், அப்புறம் பணப்பையைப் பார்ப்பார்.

கோணலைத் தொட்டார். "உடையப் போற குடும்பம்." நேரானதைத் தடவினார். "இதுதான் குடும்பம். மாமியாரும் மருமகளும் தாயும் பொண்ணும் மாதிரி."

"ரெண்டும் ஒரே வீடுங்க," என்றாள். "நேரா இருக்கறது விதை போட்டு வந்தது, யாரும் பிடுங்கி நடல. கோணல் உங்க நாத்து. வேரை மடக்கி நட்டா பிரிஞ்சுதான் வளரும். என் தலையெழுத்தை எழுதினது எங்க அத்தையோட கட்டைவிரல்."

ஜோசியர் தொண்டையைச் செருமினார். "வாளிக்குள்ள தோஷம் நுழையாதும்மா."

கூட்டம் அதற்கும் தலையாட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், ஆட்டியது. தையற்காரம்மாதான் முன்னால் வந்தார்.

"அப்ப நாங்க வாளியிலயா குடித்தனம் பண்றது?"

சிரிப்பு கிளம்பியது. சிரித்தவர்களில் நாலு பேர் ஜோசியரின் கொல்லைக்குப் போய் அவருடைய சொந்தப் பாத்தியைத் தோண்டினார்கள். அத்தனையும் குச்சி மாதிரி நேர். தன் வீட்டுக்கு மட்டும் மனுஷர் விதையாகத் தூவியிருக்கிறார்.

அன்று மாலை மருமகளின் பெட்டி உள்ளே போனது. தூக்கிக்கொண்டு போனவன் மகன்காரன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

கேரட்டுக்குக் கால் முளைத்ததைப் பார்த்து ஒரு தெருவே நடுங்கியது. நம் தோளுக்கு மேலே ஒன்று முளைத்திருக்கிறதே, அதை எப்போதய்யா பயன்படுத்தப் போகிறோம்?