ரகசியம் காக்கும் குழுவும் குழாயடி சிஸ்டரும்

நோயாளிகளின் ரகசியம் இனிமேல் காக்கப்பட வேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரி ஒரு நாள் முடிவு செய்தது. அதுவரை அது பத்திரமாக இருந்தது.

எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆண்கள் வார்டில் ஒரு நர்ஸம்மா இருந்தார். அங்கே கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுதான் இடம். இந்தக் கட்டில்காரர் இருமினால் அந்தக் கட்டில்காரர் தொண்டையைச் செருமிக்கொள்வார். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நோயாளி, "சிஸ்டர், ஒரு விஷயம்..." என்று குரலைத் தாழ்த்தினால், அவரைக் கைத்தாங்கலாகக் கை கழுவுகிற குழாய்ப் பக்கம் கூட்டிப் போவார். அடியில் ஒரு தகர வாளியை வைத்துக் குழாயைத் திறந்துவிடுவார். தண்ணீர் தடதடவென்று கொட்டும். அந்தச் சத்தத்துக்குள் சொல்ல வேண்டியவர் சொல்லுவார், கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார். வாளி நிறையும்போது பேச்சு முடிந்திருக்கும். பிறகு அந்தத் தண்ணீரால் வார்டைத் துடைப்பார்கள்.

ஊரில் எந்தக் குழாயடியிலும் ரகசியம் வெளியேதான் வரும். இந்தக் குழாயடியில் மட்டும் அது உள்ளே போய் உட்கார்ந்துவிடும். அதனால் அவருக்குக் குழாயடி சிஸ்டர் என்று பெயர்.

இந்த நிலையில் ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது எல்லோரையும் போல ஒரு மனிதராகத்தான் போனார். திரும்பும்போது தோளில் ஒரு துணிப்பையும் வாயில் 'தனியுரிமை' என்ற சொல்லும் இருந்தன. அந்த வருஷம் எல்லா ஆஸ்பத்திரி அதிகாரிகளும் அந்தச் சொல்லைத்தான் அணிந்துகொண்டிருந்தார்கள்.

முதலில் உதட்டில் விரல் வைத்த படம் போட்ட பேட்ஜ் எல்லோருக்கும் வழங்கப்பட்டது. அதைக் குத்திக்கொண்டு ஊழியர்கள் வார்டு வார்டாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பின்னால் படுத்திருந்த நோயாளிகள் எல்லாப் போட்டோவிலும் தெளிவாக விழுந்திருந்தார்கள்.

அடுத்தது மஞ்சள் பட்டை. ரகசியம் உள்ள நோயாளி யார் என்று தெரிந்தால்தானே பாதுகாக்க முடியும். ஆகவே அவர்களுடைய மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டப்பட்டது. பார்க்க வருகிறவர்கள் தங்கள் சொந்தக்காரரை விட்டுவிட்டு முதலில் பட்டைக்காரர்களைப் போய்ப் பார்த்தார்கள். கால் முறிந்து படுத்திருந்த ஒரு பெரியவருக்குப் பட்டை கிடைக்கவில்லை. "இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கேன், மாப்பிள்ளை. எனக்கு ஒரு ரகசியம்கூட இருக்காதுன்னு முடிவே பண்ணிட்டாங்க" என்று மருமகனிடம் சொல்லிக் கண் கலங்கினார்.

மூன்றாவதாக ரகசியம் காக்கும் குழு பிறந்தது. அதிகாரி தலைவர். தலைமை எழுத்தர் செயலாளர்.

"எதைக் காக்கிறோம்னு தெரியாம எப்படி சார் காக்கிறது?" என்று முதல் கூட்டத்திலேயே தலைமை எழுத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. எனவே ஒவ்வொரு வார்டு நர்ஸும் கூட்டத்துக்கு வந்து எல்லா ரகசியங்களையும் சொல்ல வேண்டும் என்று தீர்மானமாயிற்று. எழுதிக் கொடுத்தால் யாராவது படித்துவிடுவார்கள் என்பதால், உரக்கச் சொல்ல வேண்டும்.

தேநீர் கொண்டுவருகிறவர் தட்டோடு நின்று கேட்டுவிட்டார். உறுப்பினர் அல்லாத ஒருவருக்கு ரகசியம் தெரிவது விதிமீறல். கொஞ்சம் யோசித்து அவரையும் உறுப்பினராக்கினார்கள். அவர் லிப்ட்காரரிடம் சொன்னார். லிப்ட்காரரும் உறுப்பினரானார். லிப்டில் ஏறி இறங்கியவர்கள் சிறப்பு அழைப்பாளர்கள் ஆனார்கள். எதிர்ச் சாரியில் இருந்த சலூன் கடைக்காரருக்கு விஷயம் எட்டியபோது, அவர் கடை முழுவதையும் கிளைக் குழுவாக அறிவித்தார்கள். இவ்வாறாக அந்த ஆஸ்பத்திரியின் ரகசியம் ஒன்றுகூடக் குழுவை விட்டு வெளியே போகவில்லை என்பதைப் பெருமையுடன் குறிப்பிட வேண்டும்.

குழாயடி சிஸ்டரின் முறை வந்தது.

"உங்க வார்டு நிலவரத்தைச் சொல்லுங்கம்மா."

"எல்லாரும் தேறிட்டு வர்றாங்க சார்."

"அது இல்ல. ரகசியம்."

"அது அவங்களோடதுங்க."

"அதைக் காப்பாத்தத்தானே இங்க உட்கார்ந்திருக்கோம்?"

"நான் காப்பாத்திட்டுத்தான் சார் இருக்கேன். இந்த வேலைல சேர்ந்த அன்னைக்கு விளக்கைக் கையில பிடிச்சு உறுதிமொழி எடுத்தோம். அதுல குழுன்னு ஒரு வார்த்தை வரல."

தேநீர்க்காரர் உச்சுக் கொட்டினார். தண்ணீரை விரயம் செய்தது, ரகசியத்தைப் பதுக்கியது என்று இரண்டு குற்றச்சாட்டுகளுடன் சிஸ்டருக்கு மெமோ போனது. அடுத்த கூட்டத்தில் வாயைத் திறக்காவிட்டால் சஸ்பெண்ட்.

அன்று வீட்டில் அவர் கணவர் கவலையோடு கேட்டார். "வேலை போயிடும் போல இருக்கே. அப்படி என்னதான் வச்சிருக்காங்க அந்த ஆளுங்க? வெளியில சொல்ல மாட்டேன், எனக்கு மட்டும் சொல்லேன்."

சிஸ்டர் அடுப்படிக் குழாயைத் திறந்துவிட்டு, "வெங்காயம் உரிங்க" என்றார்.

அந்த வாரமே ஒரு மதிய வேளையில் ஆண்கள் வார்டின் பின்படி வழியாக முகத்தில் கைக்குட்டையோடு ஒருவர் வந்தார். பேட்ஜைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டிருந்தார். அதிகாரிதான்.

"சிஸ்டர், ஒரு விஷயம்..." என்று குரலைத் தாழ்த்தினார். பிறகு அவரே போய் வாளியை வைத்துக் குழாயைத் திறந்தார்.

அன்றைக்கு வாளி நிறைந்து வழிந்தது.

சிஸ்டர் அவரைக் கடைசிக் கட்டிலில் படுக்க வைத்துச் சுற்றித் திரை போட்டார். பிறகு மஞ்சள் பட்டையை எடுத்தார்.

"அது எதுக்கும்மா?"

"உங்க உத்தரவு சார்."

"உத்தரவு நோயாளிகளுக்குத்தானே?"

சிஸ்டர் பட்டையைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். காய்ச்சல் பார்த்தார், கட்டு மாற்றினார், வலியில் முனகியபோது தோளைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி வெளியூர் ஆய்வுக்குப் போயிருப்பதாக அலுவலகத்தில் சொல்லிக்கொண்டார்கள்.

அவர் தேறித் திரும்பிய கையோடு குழு கூடியது. நாற்காலி போதாமல் பலர் சன்னலில் தொற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கடைசிக் கட்டில்ல திரை போட்டு ஒரு ஆளைப் படுக்க வச்சிருந்தாங்க" என்றார் லிப்ட்காரர். "பட்டை இல்ல, பேரு இல்ல. யாரு அது?"

"என்ன வியாதி?" என்றார் சலூன்காரர்.

"தலைவர்தான் கேக்கணும்" என்று தலைமை எழுத்தர் விதியை நினைவூட்டினார்.

அதிகாரி எழுந்து நின்றார். "யாரும்மா அது?" என்று மேசையைப் பார்த்துக் கேட்டார்.

"ஒரு நோயாளி சார்."

"என்ன... என்ன வியாதி?"

"சரியாப் போச்சு சார்."

சஸ்பெண்ட் செய்யத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அதிகாரி சிஸ்டரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தி, மூலையில் இருந்த குழாயைத் திறந்தார். வாளி இல்லாததால் தண்ணீர் அவர் சட்டை மேல் தெறித்தது.

"நான் போடலேன்னா ஏன் போடலேன்னு கேப்பாங்கம்மா."

"போடுங்க சார்."

"கோபத்துல வெளியில சொல்லிட மாட்டீங்களே?"

"மாத்திரையை நடுவுல விட்டுடாதீங்க. சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போடணும்."

அதிகாரி கையெழுத்துப் போட்டார். சிஸ்டர் குழாயை மூடிவிட்டு வீட்டுக்குப் போனார்.

இவ்வளவு பெரிய மனசு அதிகாரியை உறுத்தியது. தாங்க முடியாமல், "படுத்திருந்தது நான்தான். உயிரே போனாலும் அந்தம்மா சொல்ல மாட்டாங்க" என்று மச்சானிடம் மட்டும் மெச்சிக்கொண்டார். வியாதியைச் சொல்லவில்லை. வாரக் கடைசியில் மச்சான் உறுப்பினராகியிருந்தார். அவருக்குப் பின்னால் ஏறக்குறைய ஊரே உறுப்பினராகியிருந்தது. இப்போது அதிகாரி தெருவில் நடந்தால் எல்லோரும் பேட்ஜைத் தொட்டுக்கொண்டு, அவரை மேலிருந்து கீழாக, எந்த இடமாக இருக்கும் என்று பார்க்கிறார்கள்.

சிஸ்டர் எந்த நிமிஷமும் வேலைக்குத் திரும்பலாம். குழுவின் கதவு திறந்தே இருக்கிறது. வியாதியின் பெயரை ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். அவர் வரவில்லை. அந்தத் தகர வாளி ஆண்கள் வார்டில் காய்ந்து கிடக்கிறது. நோயாளிகள் குரலைத் தாழ்த்தப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்தை நோட்டம் விட்டு, "ஒண்ணுமில்ல" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள்.

அது சரி, அப்படி என்னதான் வியாதி என்று உங்களுக்கும் இவ்வளவு நேரமாக மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கும். தப்பில்லை. குழுவில் அந்த ஒரு தகுதியைத்தான் எதிர்பார்க்கிறார்கள். பேட்ஜ் இலவசம். வரும்போது நாற்காலி மட்டும் வீட்டிலிருந்து எடுத்து வரவும்.