நாப்சாமிக்கு வந்த காய்ச்சல்

கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் தெருவில் காலை எட்டு மணிக்கே கூட்டம் நெரிந்தது. கியர் கம்பியின் உச்சியில் ஓர் உருண்டை உட்கார்ந்திருக்குமே, கியர் நாப், அதை வாங்கத்தான் இத்தனை தள்ளுமுள்ளு. ஓட்டுகிறவனின் விதி அந்த உருண்டைக்குள்தான் சுருண்டு கிடக்கிறதாம்.

கண்டுபிடித்த மகான் நாப்சாமி. போன வருடம்வரை அதே தெருவில் சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தவர். தாடி வளர வளர ஞானமும் வளர்ந்துவிட்டது. கடை வாசலில் பலகை தொங்கியது: ‘உன் கை, உன் கியர், உன் கதி.’

வரிசையில் சாட்சிகளுக்குக் குறைவில்லை. ஒருவருக்கு நாப் மாற்றியதும் மைலேஜ் எகிறியதாம். இன்னொருவருக்கு முழங்கால் வலி பறந்ததாம். மூன்றாமவரின் மாமியார் மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாராம். இதைக் கேட்டதும் வரிசையின் வால் இன்னும் நீண்டது.

அந்த வாலில் நின்றவர் ஒரு டாக்சி ஓட்டுநர். நாற்பதுக்கு மேல் வேக முள்ளை ஏற விடமாட்டார் என்பதால் ஸ்டாண்டில் அவருக்குப் பெயர் நிதானம். கொஞ்ச நாளாக அவர் வண்டியில், மேடு ஏறும்போது, இரண்டாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. மெக்கானிக்கிடம் போகப் பணம் எடுத்துக்கொண்டு கிளம்பியவரைக் கூட்டம் பிடித்து இழுத்துவிட்டது.

சாமி அவர் உள்ளங்கையில் ஓர் எஃகு நாப்பை வைத்தார். சில்லென்றது.

"இது உன்ன ஏத்துக்கல."

மர நாப்பை வைத்தார். சும்மா இருந்தது.

"இதுக்கும் உம்மேல பிரியமில்ல."

பிறகு கண்ணை மூடி, மேசை விரிப்புக்குள் கையை விட்டு, கறுப்பாக ஒன்றை எடுத்து வைத்தார். இதமான சூடு! குழந்தையின் கன்னத்தைத் தொட்டதுபோல இருந்தது. நிதானத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"தெரியுதா? ஓனரக் கண்டுக்கிச்சு."

"சாமி, எவ்வளவு?"

"சக்திக்கு நான் விலை சொல்லக் கூடாதுப்பா. பக்கத்துல அம்மா சொல்லுவாங்க."

அம்மா என்பவர் சாமியின் மனைவி. தயங்காமல் சொன்னார். மெக்கானிக்குக்கு என்று வைத்திருந்தது அத்தனையும் அங்கே இறங்கியது.

"இன்னைலேர்ந்து இருபத்தோரு நாள் வண்டியில ஸ்பேனர் படக்கூடாது. பட்டா சக்தி இறங்கிடும்" என்றார் சாமி. கெட்டிக்காரர். வண்டி மோசமானால் ஸ்பேனர் பட்டிருக்க வேண்டும். ஸ்பேனர் பட்டால் குற்றம் உங்களுடையது.

ஏழாம் நாள், நிதானம் தன் மனைவியை வேலைக்கு அழைத்துப் போனார். மனைவி மருத்துவமனையில் காய்ச்சல் வார்டு நர்ஸ். மருத்துவமனைக்குப் போகிற சாலை செங்குத்தான மேடு. பாதியில் கியர் கழன்றது. வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியது. பிரேக்கை மிதிக்க வேண்டிய அந்த நொடியில், நிதானமாவது ஒன்றாவது, மனிதர் நாப்பை இறுகப் பற்றிக்கொண்டு "சாமீ!" என்று கண்ணை மூடினார்.

மனைவி கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்தாள். வண்டி குலுங்கி நின்றது. பின்னால், ஒரு முழம் தள்ளி, சக்கர நாற்காலியில் தாயைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் சிலையாக நின்றிருந்தார்.

"மெக்கானிக்கிட்ட காட்டலியா நீங்க?"

"இன்னும் பதினாலு நாள் இருக்கும்மா..."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "அந்த நாப்பக் கழட்டுங்க. நாளைக்கு நானும் வரேன்."

மறுநாள் அவளே சாமியின் முன்னால் உட்கார்ந்தாள். எஃகு சில்லென்றது. மரம் சும்மா இருந்தது. விரிப்புக்குள்ளிருந்து வந்தது மட்டும் கதகதத்தது.

"உன் வண்டியோட உயிரே இதாம்மா" என்றார் சாமி.

"எங்கிட்ட வண்டியே இல்லீங்க. எனக்கு ஓட்டவும் தெரியாது."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "வரப்போற வண்டி" என்று சாமி சமாளித்தார்.

அவள் அந்த நாப்பைப் பின்னால் நின்றவர் கையில் கொடுத்தாள். "சுடுதாண்ணே?"

"சுடுதே!"

அடுத்தவர் கைக்குப் போனது. அவருக்கும் சுட்டது. "பாவம், யார் தொட்டாலும் இது ஓனர்னு நெனச்சுக்குது" என்றாள். பிறகு பையிலிருந்து கணவரின் நாப்பை எடுத்து அவர் கையிலேயே வைத்தாள். "உங்களுது எப்படி இருக்கு?"

நிதானம் விழித்தார். "சில்லுனு இருக்கு."

"ஏழு நாள் கூடவே இருந்திருக்கு. அதுக்குள்ள ஆள மறந்துடுச்சா?"

"நம்பிக்கை இல்லாதவங்க நின்னா சக்தி ஒடுங்கிடும்!" சாமி கத்தினார்.

"இருங்க, ஒடம்புக்கு என்னன்னு பாத்துடுவோம்." நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்க்கும் கருவியை எடுத்துச் சூடான நாப்பின்மேல் நீட்டினாள். பீப் என்றது. "நூத்திநாலு. எங்க வார்டா இருந்தா உடனே அட்மிட் பண்ணியிருப்போம். இது எந்தப் பெட்டுலேர்ந்து எழுந்து வந்துச்சுன்னு பாக்கணும்."

மேசை விரிப்பைச் சுருட்டி மேலே தூக்கினாள். கீழே, ஆபீஸ்காரர்கள் மதியச் சாப்பாடு சூடாக்குகிற மின்சாரப் பெட்டி. ஒயர் சுவருக்குப் போனது. மூடியைத் திறந்தால் அடுக்கடுக்காகப் பதினைந்து விதிகள் வெந்துகொண்டிருந்தன.

மாமியார் கதை சொன்னவர் அன்றும் வரிசையில் இருந்தார்; அவர்தான் முதலில் வாய் திறந்தார். "யோவ், அப்போ எங்க மாமியார் திரும்பி வந்துருவாங்களா?" சிரிப்பு வெடித்தது. சாமியின் மனைவி பணப்பெட்டியோடு நழுவப் பார்த்தார். வரிசை மொத்தமும் அவர் பக்கம் திரும்பி நின்றது. முதல்முறையாக அந்தத் தெருவில் பணம் எதிர்த்திசையில் நடந்தது.

நிதானம் மனைவியோடு நேராக மெக்கானிக்கிடம் போனார். கியர் கம்பிக்கு அடியில் அதைப் பிடித்து நிறுத்தும் ரப்பர் வளையம், புஷ், நைந்துபோயிருந்தது. மாற்ற அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

"நாப் எதுண்ணே நல்லது?" என்று கூச்சத்தோடு கேட்டார்.

"மரை பொருந்தணும். கைக்கு அடங்கணும். வெயில்ல கொதிக்கக் கூடாது. அவ்ளோதான்" என்றார் மெக்கானிக், தலையை நிமிர்த்தாமல்.

நிதானம் மனைவியைப் பார்த்தார். "மேட்டுல நான் கண்ண மூடினேன்ல..." என்று ஆரம்பித்தார்.

"இனிமே தெறந்து வெச்சு ஓட்டுங்க" என்றாள்.

அங்கே சாமியின் கடையில் கூட்டம் கலைந்துவிட்டது. ஒரே ஒருவர் மட்டும் தயங்கி நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சாமி, இத்தனை நாப்புக்கு சக்தி குடுத்த அந்தப் பெட்டி... அது விலைக்குக் கெடைக்குமா?"

கியர் கம்பிக்குத் தலை தேடி நாள் முழுக்க வரிசையில் நிற்கிற பெருமக்களே, உங்கள் தோள்மேலும் ஒன்று இருக்கிறது. அதை வாங்கிய நாளிலிருந்து உறைகூடப் பிரிக்கவில்லை.