எலுமிச்சையில் வெந்த கொடுவா

வருகிற விருந்தாளியைப் பட்டினி போட்டு விரட்டுகிறவன் கஞ்சன். விருந்து வைத்தே விரட்டுகிறவன்தான் கெட்டிக்காரன் என்று அத்தாவுல்லா அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு கட்டினார்.

விரட்டப்பட வேண்டிய ஆள் அவர் மனைவி ஷபீனாவின் தம்பி ஆசிப். காட்டாங்குளத்தூரில் அவன் வீட்டுத் தரையைப் பெயர்த்து டைல்ஸ் போடுகிறார்கள். வேலை முடிய ஒரு மாசமாகும். அதுவரை பெண்டாட்டி ஷாயிஸ்தாவோடு சிட்லபாக்கத்தில் அக்கா வீட்டில் தங்கலாமா என்று கேட்டிருந்தான். இதெல்லாம் ஒரு கேள்வியா என்று ஷபீனா அவனைக் கோபித்துக்கொண்டாள். சாயங்காலம் இருவரும் வருகிறார்கள். பேசி முடிவாகிவிடும்.

ஆசிப் நல்லவன்தான். மனை விற்றுக் கொடுக்கிற புரோக்கர். அவன் போனில் பேசினால் எதிர்முனைக்குப் போனே தேவையில்லை, ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். அத்தாவுல்லாவுக்கோ ஏர்போர்ட் சரக்குக் கிடங்கில் ராத்திரி வேலை. ஊர் பல் தேய்க்கும்போது படுத்து, ஊர் டீ குடிக்கும்போது எழுகிறவர். அவருடைய பகல் தூக்கம் ஏற்கெனவே கிழிசல் துணி. எதிர்வீட்டு மிக்ஸி ஒரு பக்கம் இழுக்கும், காய்கறி வண்டி ஸ்பீக்கர் மறுபக்கம் இழுக்கும். ஆசிப்பும் பிடித்து இழுத்தால் நூல்தான் மிஞ்சும். வராதே என்று சொல்லவும் வழியில்லை. சொன்னால் ஷபீனா அவரோடு பேசமாட்டாள். அவளுக்குப் பதிலாகச் சமையலறைப் பாத்திரங்கள் பேசும்.

ஆயுதம் போனில் கிடைத்தது. எங்கோ கடல் தாண்டிய தேசத்தில் பச்சை மீனைத் துண்டு போட்டு, எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து அப்படியே சாப்பிடுகிறார்களாம். அடுப்பே கிடையாது. அதில் நம் தேங்காய்ப்பாலும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துப் பொரித்த அப்பளத்தின் மேல் வைத்தால் ஃப்யூஷன் ஸ்டார்ட்டர். ஆசிப் கருகிப்போன வறுவலையே "வெந்துச்சாக்கா?" என்று திருப்பிப் போட்டுப் பார்க்கிறவன். இந்த மாசம் பூரா இந்த வீட்டில் இதுதான் சாப்பாடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவான்.

தாம்பரம் மார்க்கெட்டில் நல்ல கொடுவாவாகப் பார்த்து எடுத்தார். மீன்கார ஷீலா கேட்டாள்: "இன்னா சார், கொயம்புக்கா, வறுவலுக்கா?"

"பச்சையாவே சாப்பிட."

ஷீலா கத்தியை நிறுத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வூட்ல அக்காவோட எதுனா பேஜாரா சார்?"

வீட்டுக்கு வந்து ஷபீனாவிடம் தன் புதிய ஆரோக்கியக் கொள்கையை விளக்கினார். எண்ணெய் விஷம், அடுப்பு விஷம், பச்சையே பலம். கண்டிப்பாகச் சண்டை வரும் என்று எதிர்பார்த்துப் பதில்களையும் தயாராக வைத்திருந்தார்.

"செய்யுங்க," என்றாள் ஷபீனா.

அவ்வளவுதான். சமையலறையில் அவர் தண்ணீர் மொண்டு குடித்தால்கூடச் சொம்பை ஏன் அங்கே வைத்தீர்கள் என்று கேட்கிறவள், செய்யுங்க என்கிறாள். அத்தோடு நிற்கவில்லை. பீங்கான் கோப்பையின் அடியில் கத்தியைத் தீட்டிக் கொடுத்தாள். எலுமிச்சம்பழம் பிழிந்து, கொட்டை எடுத்துக் கொடுத்தாள். தேங்காய்ப்பாலைக் கேட்காமலே கொண்டுவந்து வைத்தாள். உதவி செய்கிற மனைவியைவிடப் பயங்கரமான காட்சியை அவர் பார்த்ததில்லை.

இதில் ஏதோ இருக்கிறது. உப்பை அள்ளிக் கொட்டப் போகிறாளா? பாத்திரத்தையே கவிழ்க்கப் போகிறாளா? ஊறவைத்த மீனை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து அதன் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"என்னங்க, ஃப்ரிட்ஜுல படம் ஏதாவது ஓடுதா?"

"காத்து வருது. உக்காந்திருக்கேன்."

"உக்காருங்க," என்றாள். மறுபடியும் அதே குரல்.

கதவிலிருந்து கண்ணை எடுப்பதில்லை என்றுதான் இருந்தார். ஆனால் பகலெல்லாம் தூங்கிப் பழகிய உடம்பு. ஃப்ரிட்ஜ் மெல்ல ரீங்காரம் போட்டது. விழித்தபோது கழுத்து ஒரு பக்கமாக மடங்கியிருந்தது, வெளியே வெயில் சாய்ந்திருந்தது. பாய்ந்து கதவைத் திறந்தார். பாத்திரம் அதே இடத்தில், மூடிய தட்டு அதே வாகில். தட்டைத் தூக்கினால் தேங்காய்ப்பாலில் வெள்ளை வெளேரென்று துண்டுகள், மிளகாய், வெங்காயம். எல்லாம் சரி. வாயில் போட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்திருக்கும். பச்சை மீனை யார் வாயில் போடுவது?

ஆசிப்பும் ஷாயிஸ்தாவும் வந்தார்கள். அத்தாவுல்லா தன் கையாலேயே அப்பளத் தட்டை நீட்டி, ஒரு சொற்பொழிவும் செய்தார். பச்சை என்ற சொல்லை அழுத்தினார். அடுப்பையே பார்க்காத மீன், வெளுத்திருப்பதே எலுமிச்சையில் வெந்ததால்தான், இந்த மாசம் பூரா மூன்று வேளையும் இதுதான் என்று அடுக்கினார். ஆசிப்பின் முகம் அவர் எதிர்பார்த்த நிறத்துக்குப் போனது. கை மடிக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது.

ஷபீனா முதல் அப்பளத்தை எடுத்து மென்று விழுங்கினாள். "மச்சான் ஆசையா செஞ்சிருக்கார். சாப்பிடு தம்பி."

ஆசிப் கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டான். மென்றான். மென்றது நின்றது. பிறகு ஒரு கண்ணைத் திறந்து இன்னொன்று எடுத்தான்.

"மச்சான், மீன் வாடையே இல்லயே."

ஷாயிஸ்தா செய்முறை கேட்டாள். நடிக்கிறார்கள் என்று அத்தாவுல்லா நினைத்தார். ஆனால் நடிக்கிறவன் ஐந்தாவது அப்பளத்துக்குப் போகமாட்டான்.

வாயைத் துடைத்துக்கொண்டு ஆசிப் சொன்னான்: "உண்மையச் சொல்றேன் மச்சான். பெருங்களத்தூர்ல ஒரு ஃப்ளாட் பேசி வெச்சிட்டுத்தான் வந்தேன். நைட் ட்யூட்டி பாக்கிற மனுஷன், பகல்ல தூக்கம் கெடக் கூடாதேன்னு. நீங்க என்னடான்னா மாசம் பூரா எங்களுக்குன்னு ப்ளான் போட்டு, உங்க கையால செய்யறீங்க. இதுக்கு மேல வேற எங்கயாவது போனா நான் மனுஷனே இல்ல."

அங்கேயே போனை எடுத்து ஃப்ளாட் வேண்டாம் என்றான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தெருநாய் ஒன்று பதில் சொன்னது.

அத்தாவுல்லா தட்டில் மிஞ்சியிருந்த ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். வழுவழுவென்று இறங்கியது. தெருமுனை வண்டியில் விற்கிற இளநீர் வழுக்கை.

நேராகச் சமையலறைக்குப் போனார். ஷபீனா அதற்குள் அடுப்படிக்குப் போயிருந்தாள்; வாணலியில் அவருடைய கொடுவா மசாலா பூசிக்கொண்டு பொரிந்துகொண்டிருந்தது.

"நான் தூங்கினப்ப மாத்திட்ட."

"ஆமா. தம்பி வந்தா நல்லா வெந்ததைத்தான் திம்பான்."

"அவன் ஃப்ளாட் பாத்தது உனக்குத் தெரியுமா?"

"காலையிலயே ஷாயிஸ்தா சொல்லிட்டா. ரெண்டு பேரையும் எப்படி இங்கயே நிறுத்தறதுன்னு தெரியாம நான் தவிச்சிட்டிருந்தேன்." ஷபீனா மீனைத் திருப்பிப் போட்டாள். "நீங்க பாட்டுக்குப் பேசாம படுத்திருந்தா, அவன் பெருங்களத்தூருக்குத்தாங்க போயிருப்பான்."